வேளாண் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு: பயிரின் கால அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வேளாண்மையும் உயிர் அறிவியலும் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் நாளே வகுப்புகளின் கால அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் அச்சிடப்படாத இன்னொரு அட்டவணை பண்ணையில் ஓடிக்கொண்டிருக்கும். விதை விழுந்த நாள் முதல் அறுவடை வரை பயிர் தன் போக்கில் நகரும். உங்கள் தேர்வு, விடுமுறை, காய்ச்சல் எதற்காகவும் அது நிற்காது. கதிரில் பூ விரியும் சில நாள்களைத் தவறவிட்டால், அடுத்த பருவம் வரும்வரை அதைப் பார்க்க வழியில்லை. இந்த இரண்டாவது அட்டவணையைப் பின்பற்றப் பழகியவர்களுக்குப் படிப்பு இனிக்கிறது. பழகாதவர்களுக்கு அது மனப்பாடச் சுமையாகவே முடிந்துவிடுகிறது. முதலாண்டு செய்முறை வகுப்புகளில் புதியவர்களோடு பல பருவங்கள் நின்று பார்த்தவன் நான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

சேரும் முன்

இந்த வகைப் பல்கலைக்கழகம் எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானத்தை மறைத்ததில் மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. விளைச்சல் பொய்த்தது, பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின் வடுவோடுதான் ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் 1818-இல் ஸ்டுட்கார்ட் அருகே ஹோகன்ஹைமில் வேளாண் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். இன்றைய ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் 1876-இல் அரசு வேளாண் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டம் கல்லூரிகளுக்கு நிலம் ஒதுக்கியது. 1887-இல் வந்த ஹேட்ச் சட்டம் அவற்றோடு ஆராய்ச்சி நிலையங்களை இணைத்தது. 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் ஆய்வு முடிவுகளை உழவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணியைச் சேர்த்தது.

கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற இந்த மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் இந்தப் பல்கலைக்கழகத்தின் தனித்தன்மை. உங்களுடையதில் மூன்றும் எங்கே நடக்கின்றன என்று சேர்வதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். சொந்தப் பண்ணை இருக்கிறதா, பாடத்திட்டத்தில் வயல் செய்முறைக்கு எவ்வளவு நேரம், பண்ணையில் தங்கிப் பயிலும் பருவம் கட்டாயமா என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில், தரவரிசைப் பட்டியல்களைவிட அதிகம் சொல்லும்.

உயிரியலை விரும்பி வருகிறவர்கள் பொருளாதாரம், நீர்ப்பாசனப் பொறியியல், புள்ளியியல் என்று பாடங்களின் பெயர்களைப் பார்த்துத் திகைப்பதுண்டு. உழவை விரும்பி வருகிறவர்களோ உயிர்வேதியியலைக் கண்டு சலிப்பார்கள். இரண்டும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பதற்கு உருளைக்கிழங்கின் கதை போதும். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் கருகி அழுகியபோது, ஈரமும் குளிருமே காரணம் என்று பலரும் நம்பினார்கள். ஒரு நுண்ணுயிரிதான் நோயை உண்டாக்குகிறது என்பதை 1860-களில் ஆன்டன் டி பாரி சோதனைகளால் உறுதிப்படுத்தினார். ஃபைட்டாப்தோரா என்ற அந்த நுண்ணுயிரி பார்வைக்குப் பூஞ்சை போலவே இருக்கும். உறவு முறையில் அது பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கம். இந்த வகைப்பாடு தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டிய செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உருவாவதைத் தடுத்து வேலை செய்யும் மருந்துகள் இதனிடம் எடுபடுவதில்லை. உறவு தெரியாமல் தெளித்தவரின் பணமும் போகும், பயிரும் போகும்.

முதல் வாரம்: பண்ணையை நடந்து பாருங்கள்

நூலக அட்டை, விடுதி அறை, அடையாள அட்டை எல்லாம் தானாக நடந்துவிடும். நீங்களாக முயன்று செய்ய வேண்டியது பண்ணை அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டு, எல்லையிலிருந்து எல்லை வரை ஒரு முறை நடப்பது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வடிகிறது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, எந்த மரத்தின் நிழல் எந்த வயலில் விழுகிறது என்று குறியுங்கள். மழைமானி, வெப்பமானிக் கூண்டு இருக்கும் இடத்தையும் குறித்துவையுங்கள். அங்கே தினமும் ஒரே நேரத்தில் அளவு எடுப்பார்கள். ஒரு நாள் காலையில் உடன் நின்று பாருங்கள்.

குச்சி நட்டு அட்டை கட்டிய பாத்திகள் கண்ணில் பட்டால் வரப்போடு நின்றுவிடுங்கள். அவை யாரோ ஒருவரின் ஆய்வுப் பாத்திகள். ஒரு செடியைப் பறித்தாலும், குறுக்கே நடந்து மண்ணை இறுக்கினாலும் அந்த ஆய்வின் கணக்கு பிசகும்.

பண்ணையில் வேலை செய்பவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிப் பேசுங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தப் பாத்தியில் களை முந்தி வரும், போன ஆண்டு எங்கே என்ன பயிர் இருந்தது என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். நான் கற்ற பல செய்திகள் பேராசிரியர்களிடமிருந்து வந்தவை. அவற்றைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டது இவர்களிடமிருந்து.

நடந்து முடித்ததும், நீங்கள் தினமும் கடந்து போகும் வழியிலேயே ஒரு பாத்தியைத் தேர்ந்தெடுங்கள். பருவம் முடியும்வரை வாரம் ஒரு முறை, அதே நாளில், அதே செடிகளைப் பாருங்கள். மதிப்பெண் எதுவும் கிடைக்காது. ஆனாலும் முதலாண்டில் இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியவில்லை.

வயல் குறிப்பேடு

கெட்டி அட்டை போட்ட, சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு முறை நாற்பது இலை மாதிரிகளைப் பைகளில் போட்டு, பேனாவால் எழுதிய சீட்டுகளை உள்ளே வைத்தேன். இலைகளின் ஈரத்தில் மாலைக்குள் எழுத்தெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. நாற்பது மாதிரிகளும் பத்திரமாக இருந்தன. எது எந்தப் பாத்தியினுடையது என்று சொல்லத்தான் யாருமில்லை. அன்றிலிருந்து பென்சில் சீட்டு ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே.

ஒவ்வொரு பதிவிலும் நாள், நேரம், வானிலை, பாத்தி எண், பயிரின் வளர்நிலை ஆகியவை இருக்க வேண்டும். வளர்நிலையைக் குறிக்க ‘செடி கொஞ்சம் பெரிதாகிவிட்டது’ என்று எழுதாதீர்கள். அதற்கென்றே பிபிசிஎச் என்ற எண் அளவுகோல் இருக்கிறது. தானியப் பயிர்களுக்காக சாடோக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974-இல் வெளியிட்ட எண்முறையிலிருந்து வளர்ந்தது அது. முளைப்பில் 0 என்று தொடங்கி முதிர்ந்து காய்வதில் 99 வரை போகும். தூர் கட்டுவது இருபதுகளில், பூப்பது அறுபதுகளில். 65 என்று நீங்கள் எழுதினால், உங்கள் மொழியே தெரியாத ஓர் ஆய்வாளருக்கும் பூ பாதிக்கு மேல் விரிந்த நிலை என்று புரியும்.

தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எண்ணிப் பார்த்து எதுவும் இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். எண்ணவே இல்லையென்றால் கட்டத்தில் ஒரு சிறு கோடு இடுங்கள். புதியவர்கள் இரண்டையும் வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, அந்தப் பாத்தியில் பூச்சி இல்லையா, தாங்கள் அங்கே போகவே இல்லையா என்று அவர்களுக்கே தெரிவதில்லை. அறைக்கு வந்து நினைவிலிருந்து எழுதலாம் என்ற எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். நினைவு, எதிர்பார்த்ததைத்தான் எழுதும்.

கவனித்துப் பார்ப்பதன் வலிமைக்கு பார்பரா மெக்கிளின்டாக்கை நினைத்துக்கொள்வேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து 1927-இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். தன் மக்காச்சோளச் செடிகளைத் தானே விதைத்து, தானே மகரந்தம் சேர்த்து, மணிகளில் தெரிந்த நிறப் புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். மரபணுக்கள் சில இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று அந்தப் புள்ளிகள் அவருக்குச் சொல்லின. 1983-இல் நோபல் பரிசு வந்தது.

முதல் செய்முறை: மண் மாதிரி

பெரும்பாலான இடங்களில் முதல் வயல் செய்முறை இதுவாகத்தான் இருக்கும். எளிமையாகத் தெரிவதால் பலரும் அக்கறையில்லாமல் செய்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. நீங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது அரைக் கிலோ. அதிலும் சோதனைக்கு எடுப்பது சில கிராம். அந்தச் சில கிராம், 20 லட்சம் கிலோவுக்காகப் பேச வேண்டும். ஆய்வகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும், வயலில் மாதிரி எடுத்தவர் செய்த பிழையை அது திருத்தாது.

நிலத்தின் நிறம், சரிவு, பயிர் வேறுபடும் இடங்களைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். மேலே அதிகமும் கீழே குறைவுமாகச் சீவினால் ஊட்டச்சத்து உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் சத்து மேல்மண்ணில்தான் மிகுதி.

எல்லா இடத்து மண்ணையும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, விரிப்பில் வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு பகுதிகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களைப் பார்ப்பதாக இருந்தால் துத்தநாகப் பூச்சுள்ள வாளி கூடாது. வாளியின் துத்தநாகம் வயலின் கணக்கில் ஏறிவிடும்.

அமிலத்தன்மை அளவு வந்ததும் ஒன்றை நினைவில் வையுங்கள். பிஎச் 6-க்கும் 5-க்கும் இடையே ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் 5 உள்ள மண்ணில் அமிலத்தன்மை பத்து மடங்கு.

சேகரிப்புகளும் ஆய்வகமும்

பூச்சிகளும் களைகளும் சேகரிக்கச் சொல்வார்கள். கடைசி வாரத்தில் நண்பர்களிடம் இரவல் வாங்கி ஒப்பேற்றாதீர்கள். வாரம் நான்கைந்து என்று சேர்த்தாலே போதும். வண்டுகளுக்கு வலப்பக்க முன்னிறகின் வழியாக ஊசி குத்த வேண்டும், வண்ணத்துப்பூச்சிகளுக்கு மார்பின் நடுவில். செடிகளை அழுத்தி உலர்த்தும்போது முதல் சில நாள்கள் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எங்கே, எப்போது, எந்தப் பயிரில் எடுத்தது என்ற சீட்டு இல்லாத மாதிரி வெறும் அலங்காரப் பொருள்.

ஆய்வகத்தில் இரண்டு வெப்ப அளவுகளை மனத்தில் பதியுங்கள். மண்ணின் ஈரத்தைக் கணக்கிட 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துகிறோம். இலை, தண்டு என்றால் 60 முதல் 70 டிகிரியில், எடை மேலும் குறையாமல் நிலைக்கும்வரை. மாற்றி வைத்துவிட்டால் இலை கருகிச் சத்துக் கணக்கு கெடும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மருந்து தெளித்த வயலுக்குள் திரும்ப நுழைய எத்தனை மணி நேரம் ஆக வேண்டும் என்பது மருந்தின் சீட்டிலேயே இருக்கும். எச்சரிக்கைப் பலகை நிற்கும்வரை உள்ளே போகாதீர்கள். தனுர்வாத ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். கால்நடைக் கொட்டிலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கிருமிநாசினித் தொட்டியில் காலணியை நனையுங்கள். நோயுற்ற வயலிலிருந்து நல்ல வயலுக்குப் போகுமுன் காலணி மண்ணைக் கழுவுங்கள். மண்புழுவைவிட வேகமாக நோய்க்கிருமியைச் சுமப்பவை நம் காலணிகள்தான்.

புள்ளியியலுக்கு அஞ்சாதீர்கள்

முதலாண்டு மாணவர்கள் அதிகம் வெறுக்கும் பாடம் இது. ஆனால் இந்தப் பாடம் வளர்ந்ததில் வயலுக்கு முக்கியப் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றுவரை நடக்கிறது. 1919-இல் அங்கே வேலைக்கு வந்த ரொனால்ட் ஃபிஷரின் முன்னால் பல பத்தாண்டுகளின் விளைச்சல் ஏடுகள் இருந்தன. எது உரத்தால் வந்த வேறுபாடு, எது மண்ணாலும் மழையாலும் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையிலிருந்து மாறுபாட்டுப் பகுப்பாய்வும், சோதனைகளை வடிவமைக்கும் முறையும் பிறந்தன.

சூத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் வயலில் நின்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ரகங்களை ஒப்பிட வேண்டும். முதல் ரகத்தை வாய்க்கால் பக்கமும் இரண்டாவதை மேட்டுப் பக்கமும் விதைத்தோம். முதலாவது அதிகம் விளைந்தது. வென்றது ரகமா, தண்ணீரா? சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் விதைக்கிறோம், இதுதான் மறுசெய்கை. எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதை நம் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலில் தீர்மானிக்கிறோம். வாய்க்காலிலிருந்து மேடு நோக்கி நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகங்களும் இடம்பெறச் செய்கிறோம். முதல் வாரம் நீங்கள் வரைந்த வரைபடம் இங்கேதான் கைகொடுக்கும். சரிவு எந்தப் பக்கம் என்று தெரியாதவர் தொகுதியைத் தவறான திசையில் பிரித்துவிடுவார்.

பாத்தியின் ஓர வரிசைகளில் அளவெடுக்காதீர்கள். அங்குள்ள செடிகளுக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல், பக்கத்துப் பாத்தியின் உரமும் கசிந்து வரும். ஆர் என்ற கட்டணமில்லாத மென்பொருளை முதலாண்டிலேயே தொடங்கிவிடுங்கள். உங்கள் வாராந்தரப் பாத்தியின் அளவுகளையே அதில் ஏற்றி வரைபடம் போட்டுப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு நடத்தும் அக்ரிஸ் தரவுத்தளத்தை யாரும் பயன்படுத்தலாம்.

சிறப்புத் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது

உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியலும் பயிர்ப் பெருக்கமும், தோட்டக்கலை, விரிவாக்கம், வேளாண் பொருளாதாரம் என்று பிரிவுகள் இருக்கும். வேலைவாய்ப்பைக் கேட்டு விசாரிப்பது நியாயமானது. அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு துறையிலும் முதுநிலை மாணவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுவதும் அவரோடு இருந்து பாருங்கள். மரபியலில் விடியற்காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் நீக்கும் பொறுமை வேண்டும். நோயியலில் நாள் முழுதும் நுண்ணோக்கியோடு இருக்க வேண்டும். விரிவாக்கத்தில் உழவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கத் தெரிய வேண்டும். அந்த நாளின் முடிவில் உங்களுக்குக் களைப்போடு ஆசையும் மிஞ்சுகிறதா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

உழவரைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தால் அறிவுரையைப் பையில் வைத்துவிட்டுக் கேள்விகளோடு போங்கள். ஒரு புதிய முறையை அவர் மறுக்கிறார் என்றால் பெரும்பாலும் காரணம் இருக்கும். ஆள் கிடைக்காது, அந்த நேரத்தில் தண்ணீர் வராது, வைக்கோல் குட்டையானால் மாட்டுக்குத் தீவனம் போதாது. சோதனைப் பாத்தியில் நாம் அளக்க மறந்தவை பெரும்பாலும் இவைதான்.

இறுதியாண்டு ஆய்வு: பின்னோக்கித் திட்டமிடுங்கள்

ஆய்வறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எழுத எத்தனை வாரம், பகுப்பாய்வுக்கு எத்தனை, மாதிரிகளை உலர்த்தி அரைத்துச் சோதிக்க எத்தனை, பயிரின் வயது எத்தனை நாள் என்று கழித்துக்கொண்டே வந்தால் விதைப்பு நாள் தெரியும். அதற்கும் முன்னால் விதை வாங்கி முளைப்புத் திறன் பார்க்க வேண்டும், நிலம் ஒதுக்கி வாங்க வேண்டும், விதைப்புக்கு முந்தைய மண் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகச் சோதனை தவறினால் மறுவாரம் செய்துகொள்ளலாம். விதைப்பு தவறினால் ஓர் ஆண்டே போகலாம். உலர் அடுப்பையும் அரவை இயந்திரத்தையும் எல்லோரும் ஒரே வாரத்தில்தான் தேடுவார்கள் என்பதால், அறுவடைக்கு வெகு முன்பே பதிவுசெய்துவிடுங்கள்.

தேவைக்கு மேல் கொஞ்சம் விதையை எடுத்துவைத்து, முளைக்காத குழிகளில் ஒரு வாரத்துக்குள் மறுபடி ஊன்றுங்கள். எங்கே ஊன்றினீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். விதைத்து முடித்த அன்று மாலையே, எந்தப் பாத்தியில் என்ன இருக்கிறது என்ற வரைபடத்தை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுங்கள். மற்றொன்றில், வயலின் மூலைகளிலிருந்து முதல் பாத்திக்கு எத்தனை மீட்டர் என்பதையும் எழுதிவையுங்கள். மழையிலும் உழவு இயந்திரத்தின் சக்கரத்திலும் குச்சிகள் காணாமல் போகும். அந்த மீட்டர் கணக்கு கையில் இருந்தால், அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டே உங்கள் பாத்தியைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.